உமறுப்புலவர் பள்ளியை மூடியது யார்?

"என் தாத்தா சிங்கப்பூரில் கணக்கும் அறிவியலும் தமிழிலேயே படித்ததாகச் சொல்கிறார். அங்கே தமிழ் ஒரு பாடம் மட்டும்தானே? அப்படி ஓர் உயர்நிலைப் பள்ளி உண்மையிலேயே இருந்ததா? இருந்ததென்றால் அரசாங்கம் அதை ஏன் மூடியது?" என்பது உங்கள் கேள்வி. முதல் பாதிக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம்: இருந்தது. தாத்தா கதை விடவில்லை. சிக்கல் இரண்டாம் பாதியில்தான். "அரசாங்கம் ஏன் மூடியது" என்று கேட்கும்போதே மூடியது யார் என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள். குற்றம் யார் மேல் என்பதுதான் நீங்கள் உள்ளபடியே கேட்பது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தப் பள்ளியில் படித்தவன் அல்லன். ஆங்கிலப் பள்ளியில் படித்து, தமிழை இரண்டாம் மொழியாக எடுத்தவன். ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆசிரியர் அறையில் அந்தப் பள்ளியின் பழைய மாணவர்கள் இருந்தார்கள். பத்து நிமிட இடைவேளையில் அவர்கள் சொல்லிக் கேட்டதே என் சரக்கில் பாதி. கீழே வரும் ஆண்டுகளும் கொள்கைகளும் எல்லாரும் அறிந்த பதிவுகள், அவற்றை நம்பலாம். வகுப்பறைக்குள் நடந்தவை மற்றவர்களின் நினைவு; நினைவுக்கு உரிய தள்ளுபடியோடு எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வரும் தீர்ப்பு என்னுடையது. அதை நீங்கள் மறுக்கலாம்.

தாத்தா சொல்வது உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியைத்தான். வேறு எதுவாகவும் இருக்க வழியில்லை, ஏனென்றால் சிங்கப்பூரில் தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட உயர்நிலைப் பள்ளி அது ஒன்றே. 1946இல் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் தொடக்கப் பள்ளியாக ஆரம்பித்தது. நடத்தியது சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக். 1960இல் உயர்நிலை வகுப்புகள் வந்தன. 1982இல் மூடப்பட்டது. உயர்நிலைப் பள்ளியாக அது இருந்தது இருபத்திரண்டே ஆண்டுகள். ஒரு சங்கம் நடத்தினாலும், அரசு உதவி பெற்ற பள்ளி என்பதால் பாடத்திட்டமும் தேர்வும் அரசாங்கத்தின் கணக்கில்தான் வரும். எனவே அதைத் தனியார் பள்ளி என்று நினைத்துவிட வேண்டாம்.

கடையநல்லூர்க்காரர்கள் ஏன் பள்ளி கட்டினார்கள் என்பதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். அன்றைய சிங்கப்பூரில் பிழைக்க வந்த தமிழர்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். மனைவி மக்கள் ஊரில் இருப்பார்கள். இவர் இங்கே சம்பாதித்து அனுப்புவார், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை போய் வருவார். கடற்கரைப் பட்டினங்களிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்களும் அப்படித்தான். வீட்டில் பிள்ளையே இல்லாதவருக்குப் பள்ளி எதற்கு? கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து முஸ்லிம்கள் இதில் மாறுபட்டவர்கள். தறி நெய்து பிழைக்க முடியாமல் கூலி வேலைக்குக் கப்பலேறிய அவர்கள், குடும்பத்தோடு வந்தார்கள். ஆண்கள் துறைமுகத்தையும் அதைச் சுற்றியிருந்த வேலைகளையும் நம்பினார்கள். பெண்கள் மிளகாயும் மல்லியும் மஞ்சளும் அரைத்து, மசாலா விற்று வீட்டுச் செலவைச் சமாளித்தார்கள். தஞ்சோங் பகாரின் பழைய கதைகளைக் கேட்டால் அந்த அம்மிச் சத்தமும் மசாலா நெடியும் இல்லாமல் முடியாது. அம்மா இங்கே இருந்ததால் பிள்ளையும் இங்கே இருந்தது. பிள்ளை இருந்ததால் பள்ளி தேவைப்பட்டது. பள்ளி வரலாறு எழுதுபவர்கள் தலைவர்கள் பெயரையும் நன்கொடையாளர்கள் பெயரையும் வரிசையாகப் போடுவார்கள். என்னைக் கேட்டால் இந்தப் பள்ளிக்கு முதல் கல் வைத்தவர்கள் அம்மி அரைத்த அந்தப் பெண்கள்தான்.

லீக் 1941இல் அமைந்தது. அடுத்த ஆண்டே ஜப்பானியர் ஆட்சி. மூன்றரை ஆண்டுகள் படிப்பைத் தொலைத்த பிள்ளைகள் தெருவில் நின்ற காலத்தில்தான், போர் முடிந்த மறு ஆண்டே, பள்ளியைத் தொடங்கினார்கள். பெயரையும் கவனியுங்கள். ஒரு முஸ்லிம் சங்கம், உழைப்பாளிகளின் சங்கம், தன் பள்ளிக்கு ஒரு வள்ளலின் பெயரையோ இறைநேசரின் பெயரையோ வைக்கவில்லை. எட்டயபுரத்தில் தமிழ் கற்று, நபிகள் நாயகத்தின் வரலாற்றைச் சீறாப்புராணமாகத் தமிழ் விருத்தத்தில் பாடிய புலவரின் பெயரை வைத்தது. "நாங்கள் முஸ்லிம்கள், எங்கள் மொழி தமிழ்" என்ற இரண்டையும் ஒரே பெயரில் சொல்லிவிட்டார்கள். மலாய் முஸ்லிம்கள் நிறைந்த ஊரில் தமிழ் முஸ்லிம்கள் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. பின்னாளில் உயர்நிலைப் பள்ளியானபோது, தமிழ்த் தொடக்கப் பள்ளி எதில் படித்து வந்தாலும், எந்த மதத்துப் பிள்ளையானாலும் தமிழில் மேலே படிக்கப் போக இருந்த இடம் அது ஒன்றுதான்.

இனி 1946க்கும் 1960க்கும் இடைப்பட்ட காலம். பிரிட்டிஷ் ஆட்சியில் ஆங்கிலப் பள்ளிக்கும் மலாய்ப் பள்ளிக்கும் அரசாங்கம் பொறுப்பெடுத்தது. சீனப் பள்ளிகளும் தமிழ்ப் பள்ளிகளும் அவரவர் சமூகத்தின் தலையில். சீனர்களிடம் ஆளும் பணமும் இருந்தன. உயர்நிலைப் பள்ளி வரை கட்டினார்கள், 1950களில் நன்யாங் என்று ஒரு பல்கலைக்கழகத்தையே எழுப்பினார்கள். தமிழர்களிடம் சங்கங்களும் மிஷன்களும் நடத்திய சிறு தொடக்கப் பள்ளிகள் இருந்தன, அவ்வளவுதான். ஆறாம் வகுப்பு முடிந்ததும் தமிழ்ப் படிப்பு சுவரில் முட்டி நின்றது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1956இல், அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை தொடங்கியது. அதில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று தமிழ் முரசு நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்" என்று நிதி திரட்டினார். சாதாரணத் தொழிலாளிகள்கூட அதற்குக் கொடுத்தார்கள். கீழ்த்தளம் இருந்தது, மொட்டை மாடிக்கும் பணம் சேர்ந்தது. நடுமாடி இல்லை. பல்கலைக்கழகத்தில் தமிழ் இருந்தது. அங்கே போகும் பையன் நடுவில் ஆறு ஆண்டுகள் எந்த மொழியில் படிப்பான் என்பதற்குத் தமிழில் விடை இல்லை.

அந்த நடுமாடி வந்ததற்கு உடனடிக் காரணம் தமிழர்களின் போராட்டம் அல்ல. சீன மாணவர்களின் கொந்தளிப்புதான் காரணம். 1950களின் நடுவில் சீன உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அதை ஆராய அமைத்த அனைத்துக் கட்சிக் குழு 1956இல் அறிக்கை தந்தது: மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிப் பள்ளிகளையும் அரசு சமமாக நடத்த வேண்டும். 1959இல் ஆட்சிக்கு வந்த மக்கள் செயல் கட்சி அதையே தன் கொள்கையாக எடுத்துக்கொண்டது. 1960இல் தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வு முதன்முறையாக நடந்தபோது நான்கு மொழிகளிலும் நடந்தது. தமிழில் தேர்வெழுதித் தேறிய பிள்ளையிடம் "இனி உனக்குப் பள்ளி இல்லை" என்று சமத்துவம் பேசும் அரசு சொல்ல முடியாது. ஏதாவது ஒரு பள்ளியில் உயர்நிலை வகுப்பு திறந்தாக வேண்டும். அதே ஆண்டில் உமறுப்புலவர் பள்ளி உயர்ந்தது. மலாய்க்காரர்களுக்கும் இதே கதைதான்: அவர்களின் முதல் மலாய்மொழி உயர்நிலைப் பள்ளியான சங் நீல உத்தாமா 1961இல் திறந்தது. அதனால்தான் 1960ஐ நான் தமிழர் வெற்றி என்று மட்டும் சொல்லத் தயங்குகிறேன். பள்ளியைத் தயாராக வைத்திருந்தது லீக்கின் பெருமை. கதவைத் திறந்தது காலம்.

வகுப்பறைக்குள் எப்படி இருந்தது? என்னோடு பணியாற்றிய ஒருவரைச் சொல்கிறேன். தேர்வுத்தாளில் மதிப்பெண் கூட்டும்போது அவர் உதடு அசையும்: "ஏழும் எட்டும் பதினைந்து, ஒன்பதும் சேர்ந்தால் இருபத்து நான்கு." நான் பக்கத்து மேசையில் அதே வேலையைச் செய்துகொண்டிருப்பேன், என் மனத்துக்குள் ஆங்கில எண்கள் ஓடும். இருவருமே தமிழாசிரியர்கள். ஒருநாள் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "உமக்குத் தமிழ் பாடம். எனக்குப் பாடமெல்லாம் தமிழ்" என்றார். கர்ணம், நாற்கரம், பிராணவாயு, கரியமிலவாயு, புவியீர்ப்பு என்று அவர் வாயில் வரும்போது அவை கலைச்சொற்களாகவே தோன்றாது. கத்தரிக்காய், வெண்டைக்காய் போல வரும். என் தலைமுறைத் தமிழாசிரியர்கள் எல்லாரும் சேர்ந்தாலும் அந்தச் சரளம் எங்களுக்கு வாய்க்காது. அவரே இன்னொன்றும் சொல்வார்: வேலைக்கான முதல் நேர்முகத் தேர்வில் கேட்டது எல்லாம் அவருக்குத் தெரிந்த விஷயம், ஆனால் எதுவும் அவருக்குத் தெரிந்த மொழியில் இல்லை.

அந்த நேர்முகத் தேர்வில்தான் பள்ளியின் விதி இருந்தது. தமிழில் உயர்நிலை முடித்த பையன் எங்கே போவான்? சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் நடந்தது. தொழிற்கல்வி ஆங்கிலம். அரசாங்க வேலையில் எழுத்து வேலை எல்லாம் ஆங்கிலம். 1960களின் பிற்பகுதியிலிருந்து வந்த வெளிநாட்டுத் தொழிற்சாலைகளும் ஆங்கிலம் தெரிந்தவரைத்தான் தேடின. 1966 முதல் உயர்நிலைப் பள்ளியில் இரண்டாம் மொழி கட்டாயமானதால் தமிழ்ப் பள்ளிப் பிள்ளையும் ஆங்கிலம் படித்தான். ஆனால் ஒரு பாடமாகப் படித்த ஆங்கிலத்தை வைத்து, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படித்தவனோடு போட்டி போட வேண்டும். அவனுக்கு நேராகத் திறந்திருந்த கதவு ஆசிரியர் பயிற்சி. தமிழ்ப் பள்ளியில் படித்துத் தமிழாசிரியராகி, தமிழ்ப் பள்ளிக்கே திரும்புவது. தமிழ்ப் பள்ளிகள் இருக்கும் வரை அது ஓடும். பிள்ளைகள் குறைந்தால் அதுவும் நின்றுவிடும்.

பிள்ளைகள் குறைந்தார்கள். இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததாக நினைப்பவர்கள் சீனர்களைப் பார்க்க வேண்டும். 1959இல் முதல் வகுப்பில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் சீனமொழிப் பள்ளியில் சேர்ந்தார்கள்; 1970களின் கடைசியில் பத்தில் ஒருவர்தான். மக்கள்தொகையில் முக்கால் பங்கு உள்ள, பல்கலைக்கழகமே வைத்திருந்த சமூகத்துக்கு இந்த நிலை. நன்யாங் பல்கலைக்கழகம் 1980இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. அப்படியிருக்க, ஒற்றை உயர்நிலைப் பள்ளி வைத்திருந்த தமிழர்கள் எம்மாத்திரம்? இந்தியர்கள் எல்லாருக்கும் தமிழ் தாய்மொழியும் அல்ல. மலையாளிகளும் பஞ்சாபிகளும் வசதியுள்ள தமிழர்களும் முன்பே ஆங்கிலப் பள்ளிக்குப் போய்விட்டார்கள். தமிழ்ப் பள்ளிக்கு மிஞ்சியது பெரும்பாலும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்.

அந்தத் தொழிலாளர் வீடுகளும் அப்போது இடம் பெயர்ந்தன. 1968இல் பிரிட்டன் தன் படைகளை விலக்கிக்கொள்வதாக அறிவித்து 1971இல் வெளியேறியது. கடற்படைத் தளத்தில் வேலை செய்த ஏராளமான இந்தியர்கள் கிடைத்த பணத்தோடு ஊர் திரும்பினார்கள். 1972இல் தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் திறந்தது. தோளில் மூட்டை தூக்கிய வேலைகள் படிப்படியாக இயந்திரத்துக்குப் போயின. நகரின் நடுவில் நெருக்கிக் குடியிருந்த குடும்பங்களை வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தீவின் பல மூலைகளிலும் எழுந்த அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றியது. நல்ல வீடு, தண்ணீர், மின்சாரம், தனிக் கழிப்பறை. யாரும் அழுதுகொண்டு போகவில்லை. ஆனால் நடந்து போய்ச் சேரும் தூரத்தில் இருந்த பள்ளி இரண்டு பஸ் மாறிப் போகும் தூரமானது. புது வீட்டின் கீழே இறங்கினால் ஆங்கிலப் பள்ளி. என் கணிப்பில், எந்த மொழிக் கொள்கையையும்விட இந்த இரண்டு பஸ் அதிகப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டது. ஆவணம் காட்டி நிறுவக்கூடிய கணிப்பு அல்ல இது. ஆனால் வீடு மாறிய வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன் என்ற முறையில் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆக, "மூடியது அரசாங்கம்" என்பது ஒரு கட்சி. "பெற்றோர்தான் கைவிட்டார்கள்" என்பது மறுகட்சி. இரண்டையும் தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் சூடாகக் கேட்டிருக்கிறேன். முதல் கட்சியின் பலவீனம்: ஆங்கிலம் அல்லாத மொழிப்பள்ளிகளைத் தடை செய்து எந்தச் சட்டமும் வரவில்லை. பள்ளியைத் தேர்ந்தெடுத்தவர்கள் பெற்றோர்கள். தமிழுக்காக மேடையில் முழங்கியவர்களின் பிள்ளைகளும் ஆங்கிலப் பள்ளியில்தான் இருந்தார்கள். என் அப்பாவும் அந்த வரிசையில் ஒருவர். மறுகட்சியின் பலவீனம் அதைவிடப் பெரிது. மேலே ஏறும் ஏணியின் எல்லாப் படிகளையும் ஒரே மொழியில் அமைத்துவிட்டு, "எந்த ஏணியில் வேண்டுமானாலும் ஏறலாம்" என்று சொல்வது முழுச் சுதந்திரம் ஆகாது. 1979இல் சிறந்த சீனப் பள்ளிகள் ஒன்பதைத் தேர்ந்தெடுத்துச் சிறப்பு உதவித் திட்டத்தின் கீழ் காப்பாற்றினார்கள். இரு மொழிகளையும் முதல்மொழித் தரத்தில் கற்பிக்கும் பள்ளிகள் என்று அவை இன்றும் இருக்கின்றன. தமிழுக்கு அப்படி ஒரு பள்ளி இல்லை. எண்ணிக்கை போதாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அது பொய்யில்லை. எண்ணிக்கை குறைந்தவர்களுக்குத்தான் உதவி அதிகம் தேவை என்பதும் பொய்யில்லை. (போகிற போக்கில் ஒன்று: தஞ்சோங் பகார் தொகுதியின் உறுப்பினராக 1955 முதல் இருந்தவர் சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூ. ஆங்கிலத்தைப் பொதுமொழியாக்கியவரின் தொகுதிப் பெயரைத் தாங்கிய வட்டாரத்தில்தான் ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளி பிறந்தது. இதில் சதியும் இல்லை, உட்பொருளும் இல்லை. சிறிய ஊர், அவ்வளவுதான்.)

என் தீர்ப்பு இது: பெற்றோர் பகுத்தறிந்தே முடிவெடுத்தார்கள். அந்த முடிவைத் தவிர வேறு எதையும் பகுத்தறிவாகத் தோன்றவிடாத சூழ்நிலையை அமைத்தது அரசு. 1982இல் கதவைச் சாத்தியபோது உள்ளே மிச்சமிருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். 1987இல் எல்லாப் பள்ளிகளும் ஆங்கிலத்தை முதல் மொழியாகக் கொண்டன. 1982இல் தப்பியிருந்தாலும் ஐந்து ஆண்டுகள் கழித்து அதே முடிவுதான். மலாய்க்காரர்களின் சங் நீல உத்தாமாவும் 1988இல் போய்விட்டது.

மூடிய மறு ஆண்டே, 1983இல், கல்வி அமைச்சு உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையத்தைத் தொடங்கியது. இன்று இணையத்தில் தேடினால் இதுதான் முதலில் வரும், பலரும் பள்ளியையும் நிலையத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள். இரண்டும் ஒன்றல்ல. நிலையம் முழுநேரப் பள்ளி இல்லை. தன் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர்கள் வாரத்தில் ஒதுக்கிய நேரத்தில் வந்து தமிழ் ஒரு பாடத்தை மட்டும் படித்துப் போகும் இடம். பயனுள்ள இடம், குறை சொல்ல மாட்டேன். அது இல்லையென்றால் நல்ல பள்ளிகளில் இடம் கிடைத்த பல தமிழ்ப் பிள்ளைகள் தமிழையே விட்டிருப்பார்கள். ஆனால் அங்கே யாரும் கர்ணத்தின் வர்க்கத்தைத் தமிழில் கணக்கிடுவதில்லை.

அந்தப் பள்ளி நிலைத்திருந்தால் சிங்கப்பூரில் தமிழ் இன்னும் நன்றாக இருந்திருக்குமா என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். எல்லாரும் கேட்பார்கள். மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்த் தொடக்கப் பள்ளிகள் இன்றும் இருக்கின்றன. உயர்நிலைப் பள்ளி ஒன்றுகூட இல்லை. ஆறாம் ஆண்டு முடித்ததும் பிள்ளைகள் மலாய்மொழிப் பள்ளிக்குப் போகிறார்கள். ஆனாலும் வீட்டிலும் தெருவிலும் அங்கே தமிழ் கேட்கும் அளவுக்கு இங்கே கேட்பதில்லை. அதைப் பார்த்தால் ஒற்றை உயர்நிலைப் பள்ளியைவிட அடியில் விரிந்த தொடக்கப் பள்ளிகள்தான் மொழியைத் தாங்கும் என்று தோன்றுகிறது. இங்கே நாம் இழந்தது வேறு: இயற்பியலைத் தமிழில் யோசிக்கக்கூடிய சாதாரண மனிதர்கள், அதாவது புலவர்களோ பண்டிதர்களோ அல்லாதவர்கள். கடைசி வகுப்பில் பதினாறு வயதில் இருந்தவருக்கும் இப்போது அறுபதை ஒட்டியிருக்கும்.

உங்கள் தாத்தா அவர்களில் ஒருவர். சிங்கப்பூர்த் தேசிய நூலகம் தமிழ் முரசின் பழைய இதழ்களை மின்வடிவில் வைத்திருக்கிறது. பள்ளியின் பெயரைப் போட்டுத் தேடுங்கள், எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போடுங்கள், "உமறு", "உமறுப் புலவர்", "உமர்" என்று. தேசிய ஆவணக் காப்பகத்தில் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் உண்டு. ஆனால் அவற்றுக்கு முன்னால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒலிப்பதிவை ஓட விடுங்கள். பொதுவாக "பள்ளி எப்படி இருந்தது" என்று கேட்டால் "நன்றாக இருந்தது" என்பார். அறிவியல் புத்தகம் எந்த ஊரில் அச்சானது, ஆய்வுக்கூடத்தில் என்ன கருவிகள் இருந்தன, எந்த பஸ்ஸில் போனார், வகுப்பில் எத்தனை பேர், கடைசி ஆண்டில் எத்தனை பேர் என்று கேளுங்கள். வேலைக்குப் போன முதல் நாள் எந்தச் சொல்லுக்கு ஆங்கிலம் தெரியாமல் விழித்தார் என்றும் கேளுங்கள்.